மனப்பதற்றமும் அதனைத் தணிக்கும் இரு வழிகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் வெற்றிகளைப் பேசுவதே மரபு. காலையில் செயலாளர் ஐயா அவர்கள் ஆண்டறிக்கையைப் படித்தபோது, நம் சங்கத்தின் நிழலில் பயின்று பட்டம் பெற்றோர், ஆசிரியரானோர், அரசுப் பணி ஏற்றோர் பெயர்களைக் கேட்டு நாமெல்லாம் பூரித்தோம். அந்தப் பட்டியலில் இடம்பெறாதவர்களைப் பற்றிச் சில சொற்கள் கூற எனக்கு அனுமதி தாருங்கள். பாடங்களை நன்கு கற்றிருந்தும் தேர்வு நாளன்று வீட்டைவிட்டுக் கிளம்ப இயலாமற் போன பெண் பிள்ளைகள் உண்டு. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தும் அலுவலக வாசல்வரை சென்று திரும்பிய இளைஞர்கள் உண்டு. கல்லூரியிற் சேர்ந்து ஒரு பருவம் முடியுமுன் பெட்டியுடன் ஊர் திரும்பியவர்களும் உண்டு. "படிப்பு ஏறவில்லை" என்று ஊர் அவர்களைப் பற்றி முடிவு கட்டிவிட்டது. அவர்களுட் பலருக்குப் படிப்பு ஏறாமலில்லை, மனம் பதறிற்று. அதனை எடுத்துச் சொல்லவும் அவர்கட்கு இடமில்லை, கேட்கவும் ஆளில்லை.

நானும் அந்த வரிசையிற் சேர்ந்திருக்க வேண்டியவனே. இச்சங்கம் முதலில் நடத்திய கீற்றுக் கொட்டகையில் மாலைப் பாடம் படித்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். முதலாண்டில் ஒரு நாள், எழுந்து நின்று ஆங்கிலப் பாடத்தில் ஒரு பத்தியைப் படிக்குமாறு ஆசிரியர் பணித்தார். இரண்டாவது வரியிலேயே நா உலர்ந்தது. நெஞ்சு பறைபோல் அதிர்ந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. சிரிப்போடு ஒரு சொல்லும் வந்தது. அந்தச் சொல் என் பெயரன்று. என் சாதியின் பெயர்.

அன்று முதல் வகுப்பறை வாசலைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். உறக்கம் போயிற்று. ஒரு மாதத்தில் ஊர் வந்து சேர்ந்தேன். இதய நோயோ என்று அஞ்சி என் தாயார் என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயத்தில் ஒரு குறையும் இல்லை" என்று கூறி அனுப்பிவிட்டார்கள். பின்னர் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். என் தாயாரை நான் குறை கூறேன். அறிந்த வழிகளையெல்லாம் அவர் நாடினார்.

என்னை மீட்டவர் நம் மாலைப் பள்ளியின் பழைய ஆசிரியர் ஒருவர். தம் வீட்டுத் திண்ணையில் என்னை உட்காரவைத்து, "தம்பி, நெஞ்சு அடித்துக்கொள்வது எப்போது தொடங்கிற்று? முதலிலிருந்து சொல்" என்றார். நான் சொன்னேன், அவர் கேட்டார். இடையில் அறிவுரை கூறவில்லை. "பயப்படாதே" என்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாலையிலேதான் அந்தச் சொல்லை என்னால் அவரிடம் உச்சரிக்க முடிந்தது. சொல்லி அழுதேன். அழுது முடியும்வரை பொறுத்திருந்து அவர் கூறினார்: "தம்பி, அந்தச் சொல்லைச் சொன்னவன் அல்லவா வெட்கப்பட வேண்டும்? அவன் வெட்கத்தை நீ ஏன் சுமக்கிறாய்?"

நான் கல்லூரிக்குத் திரும்பினேன். பின்னாளில் சமூகப்பணி பயின்று, இன்று ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பணிபுரிகிறேன். அந்தத் திண்ணையில் நடந்தது என்ன என்பதை நூல்களின் வாயிலாகவும் அனுபவத்தின் வாயிலாகவும் அறிந்த அளவில் உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

அச்சம் வேறு, பதற்றம் வேறு

அச்சம் பிறக்கும் களங்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காக வகுத்தார். அவை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. நம் மக்கள் வாழ்வில் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது, அஃது அவமதிப்பு. எனினும், புலி எதிரே நிற்கும்போது தோன்றுவது அச்சம். புலி வருமோ, வருமோ என்று நாள் முழுதும் கதவைத் தாழிட்டு உள்ளே நடுங்கிக்கொண்டிருப்பது பதற்றம். அச்சத்திற்குப் பொருள் உண்டு. புலி போனால் அதுவும் போகும். பதற்றத்திற்குப் பொருள் வருங்காலத்தில் இருப்பதால், அது போவதற்கு நேரமே வாய்ப்பதில்லை.

சிறிதளவு பதற்றம் எல்லாருக்கும் உண்டு. அதுவே தேர்வுக்கு முதல் நாள் நம்மைப் படிக்கவும் வைக்கிறது. ஆனால் அது மாதக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் கெடுத்து, படிப்பையும் பணியையும் தடுக்குமானால், அதனை நோய் என்றே கொள்ள வேண்டும். நோய் என்று கொள்வதில் இழிவில்லை. காய்ச்சல் கண்டவனைக் கோழை என்று எவரும் சொல்வதில்லையே!

உடலில் நிகழ்வது யாது?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். ஆபத்தை உணர்ந்த உடல், எதிர்த்துப் போரிடவோ ஓடித் தப்பவோ ஒரு நொடியில் ஆயத்தமாகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியிற் கலக்கின்றன. இதயம் விரைகிறது, மூச்சு மிகுகிறது, கைகால் தசைகளுக்குக் குருதி பாய்கிறது, செரிமானம் தளர்கிறது, வாய் உலர்கிறது. மூச்சைத் தேவைக்கு மேல் வாங்கி விடுவதால் குருதியில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றலும் விரல் மரப்பும் உண்டாகின்றன.

வகுப்பறையில் எனக்கு நேர்ந்தது இதுவேதான். காட்டில் உயிர் காக்கும் ஏற்பாடு, பாடம் படிக்க எழுந்தவனிடம் வேலை செய்துவிட்டது. அதனை அறியாதவன், நெஞ்சு படபடப்பதைக் கண்டு, "சாகப் போகிறோமோ" என்று மேலும் அஞ்சுகிறான். அந்த அச்சம் படபடப்பை மேலும் வளர்க்கிறது. இந்தச் சுழலை இரண்டு இடங்களில் அறுக்கலாம். ஒன்று எண்ணம், மற்றொன்று மூச்சு. எண்ணத்தின் வழியே அறுப்பது உரையாடல் மருத்துவம். மூச்சின் வழியே அறுப்பது யோகம்.

பேச்சு என்னும் மருந்து

வியன்னா நகர மருத்துவர் யோசெப் பிராயர், 1880 முதல் 1882 வரை ஓர் இளம்பெண்ணுக்கு மருத்துவம் செய்தார். தன் துன்பங்களை அவரிடம் விவரித்தபோது நோய்க்குறிகள் சில தணிவதைக் கண்ட அப்பெண்ணே அதற்குப் பேச்சு மருத்துவம் என்று பெயரிட்டார். பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாறு இடம்பெற்றது. அப்பெண் உடனே முழு நலம் பெற்றுவிடவில்லை; அதன் பின்னும் சில ஆண்டுகள் துன்புற்றார். ஆனால் பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் அவ்வம்மையார் 1904இல் செருமனியில் யூதப் பெண்களின் சங்கத்தை நிறுவி, ஆதரவற்ற பெண்களுக்காக உழைத்தார் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. பதறிய மனம் பயனற்ற மனமன்று.

இன்று பதற்ற நோய்க்குப் பெரிதும் பயன்படும் முறை, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய வழியில் வளர்ந்தது. அதன் சாரம் எளியது. நிகழ்ச்சி மட்டும் நம்மைக் கலக்குவதில்லை; அதனைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணமும் கலக்குகிறது. தேர்வுக்கு அஞ்சும் மாணவியிடம் ஒரு தாளைக் கொடுத்து, நடுவில் ஒரு கோடு இழுக்கச் சொல்வோம். இடப்புறம் மனத்தில் ஓடும் எண்ணத்தை எழுத வேண்டும். "நான் தோற்றுவிடுவேன், அப்பா வாங்கிய கடன் வீணாகும், தெருவே சிரிக்கும்" என்று எழுதுவாள். வலப்புறம் அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று எழுத வேண்டும். "சென்ற மூன்று தேர்வுகளில் தோற்றேனா? இல்லை. தோற்றால் மறுதேர்வு உண்டா? உண்டு. தெரு சிரித்ததா? போன ஆண்டு தோற்றவனுக்கு இதே தெரு பணம் கட்டியது." எழுதும்போதே பூதத்தின் உயரம் குறைவதை அவளே காண்பாள்.

மற்றொரு படியும் உண்டு. அஞ்சுவதைத் தவிர்த்தால் இன்றைக்கு நிம்மதி. நாளைக்கு அச்சம் இரட்டிப்பு. ஆதலால் சிறுகச் சிறுக அதனை அணுகப் பழக்குவோம். பேச அஞ்சுபவன் முதலில் தனியறையில் உரக்கப் படிக்கட்டும்; பின் தங்கைக்குப் படித்துக் காட்டட்டும்; பின் நண்பர் இருவர் முன்; பின் நம் வாசக சாலையில்; கடைசியில் வகுப்பில். ஒவ்வொரு படியிலும் நெஞ்சு சற்றே அடித்துப் பின் அடங்கும்வரை நின்றுவிட்டால், அடுத்த படி எளிதாகும்.

இதில் கேட்பவரின் கடமை ஒன்று உண்டு. "தைரியமாக இரு", "நாங்களெல்லாம் படாத பாடா?" என்பன மருத்துவமல்ல, அவை பேச வந்தவரின் வாயை அடைக்கும் கதவுகள். பொறுமையாகக் கேட்டலும், கேட்டதைப் பிறரிடம் கூறாதிருத்தலுமே முதற்பாடம்.

மூச்சு என்னும் துணை

யோகம் என்றதும் நம்மில் சிலர் முகம் சுளிப்பதை அறிவேன். "நம் பாட்டிமார் விடியல் முதல் அந்திவரை வளைந்து நாற்று நட்டார்களே, அவர்கட்கு ஆசனம் எதற்கு?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வியே. உழைத்து ஓய்ந்த உடலுக்கு உடற்பயிற்சி தேவையில்லாமலிருக்கலாம். ஆனால் உழைத்து ஓய்ந்த உடலும் இரவில் உறங்க முடியாமல் தவிக்கிறதே! அதற்கு வேண்டியது இளைப்பாறுதல். மேலும் யோகம் எந்த ஒரு குலத்தாரின் உடைமையும் அன்று. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டுறுப்பு யோகத்தைத் தமிழில் பாடிவைத்தார். வரும் மூச்சையும் போகும் மூச்சையும் கவனித்திருக்கும் பயிற்சியைப் புத்தர் பெருமான் தம் சங்கத்தார்க்குக் கற்பித்தார். அச்சங்கத்தில் சாதிக்கு இடமில்லை. மூச்சுக்குத் தீட்டு உண்டோ?

முறையைக் கூறுகிறேன். முதுகு நிமிர்ந்து, தரையிலோ நாற்காலியிலோ அமருங்கள். ஒன்று முதல் நான்குவரை மெல்ல எண்ணி மூக்கால் மூச்சை உள்ளே வாங்குங்கள். ஒன்று முதல் ஆறுவரை எண்ணி வெளியே விடுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரு நொடி என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி. நிமிடத்திற்கு ஆறு மூச்சு. இயல்பான நிலையில் வயதுவந்தோர் நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது மூச்சு விடுகிறோம். மூச்சு நீண்டு வெளியேறும்போது வேகஸ் என்னும் நரம்பின் வழியே இதயத்தின் வேகம் தணிகிறது. இதயத்திற்கு நாம் நேராகக் கட்டளையிட முடியாது; மூச்சின் வழியாகத் தூது அனுப்ப முடியும். காலையும் மாலையும் பத்து நிமிடம் இதனைச் செய்து, இறுதியில் சவாசனத்தில் படுத்து, கால்விரல் தொடங்கி நெற்றிவரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்துங்கள். தேர்வு நாளன்று புதிதாகத் தொடங்கிப் பயனில்லை. நீச்சலை வெள்ளம் வருமுன் கற்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. மூச்சை வலிந்து அடக்குவதும் வேகமாக இழுத்து விடுவதும் பதற்றம் உடையோர்க்கு ஆகா. கருவுற்ற தாய்மார்களும், இதய நோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உடையோரும் மருத்துவரைக் கேட்டே பயிற்சிகளை மேற்கொள்ள வேண்டும்.

இவ்விரு வழிகளில் எது சிறந்தது? அமெரிக்காவில் பதற்ற நோய் உடைய 226 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2020ஆம் ஆண்டு வெளியாயிற்று. மூன்று பிரிவாகப் பிரித்துப் பன்னிரண்டு வாரம் பயிற்சி அளித்தனர். மன அழுத்தம் பற்றிய பொதுப் பாடம் மட்டும் கேட்டோரில் நூற்றுக்கு 33 பேரும், யோகம் பயின்றோரில் 54 பேரும், எண்ணங்களைச் சீர்தூக்கும் உரையாடல் மருத்துவம் பெற்றோரில் 71 பேரும் குறிப்பிடத்தக்க நலம் கண்டனர். ஆறு மாதங்கள் கழித்தும் உரையாடல் மருத்துவத்தின் மேன்மை நிலைத்தது. யோகத்தின் மேன்மை அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. ஆகவே யோகம் துணை, உரையாடல் தூண். இரண்டையும் ஒருசேரக் கைக்கொள்வார்க்குத் தடையேதும் இல்லை. நோய் முற்றியோர்க்கு மனநல மருத்துவர் தரும் மாத்திரையும் தேவைப்படும். அதை மறுத்தல் கூடாது.

எது பதற்றம்? எது அநீதி?

இங்கு நான் மிகுந்த கவனத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். "உன் எண்ணத்தை மாற்றிக்கொள், எல்லாம் சரியாகும்" என்று நம் பிள்ளைகளிடம் மட்டும் சொல்வது பாதி உண்மை. பாதி உண்மை சில வேளைகளில் முழுப் பொய்யைவிடக் கொடியது.

1917ஆம் ஆண்டு, அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். தங்க இடம் கொடுப்பார் இல்லை. பார்சியர் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினொன்றாம் நாள் காலை, தடிகளோடு வந்த ஒரு கூட்டம் அவரை மாலைக்குள் வெளியேறச் சொல்லிற்று. இருந்த நண்பர்களும் இடம் தரவில்லை. பொதுப் பூங்கா ஒன்றில் பொழுதைக் கழித்து, இரவு இரயிலேறி அவர் பம்பாய் சென்றார். அந்த நாளைக் கண்ணீரின்றி நினைக்க இயலவில்லை என்று பல ஆண்டுகள் கழித்து அவரே எழுதினார். அவருடைய நெஞ்சு அன்று துடித்தது எண்ணப் பிழையாலா? அன்று. தடி உண்மை, கூட்டம் உண்மை.

ஆகவே மாணவச் செல்வங்களே, கோடிட்ட தாளில் எழுதும்போது மூன்றாவதாக ஒரு பகுதியும் வையுங்கள். "இது என் மனம் பெருக்கிய அச்சமா, பிறர் எனக்கு இழைத்த தீங்கா?" என்று அதில் கேளுங்கள். மனம் பெருக்கிய அச்சமாயின் மேலே சொன்ன மருந்துகள் உண்டு. பிறர் இழைத்த தீங்காயின் மூச்சுப் பயிற்சி அதற்கு மருந்தன்று. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு, முறையீடு உண்டு, இச்சங்கம் உண்டு. முறையீட்டை நடுங்காத கையால் எழுதுவதற்கு மூச்சுப் பயிற்சி உதவும். அதன் பணி அவ்வளவே. அண்ணல் தம் துயரை உள்ளே புதைக்கவில்லை. எழுதினார், பேசினார், பலரும் கேட்கச் செய்தார். தனியொருவன் நெஞ்சிற் கிடந்தால் நோயாகும் சொல், நால்வர் கூடிப் பேசினால் நியாயமாகும்.

மரத்தடியில் ஒரு பலகை

"மருத்துவர் நகரத்தில் இருக்கிறார், நாங்கள் எங்கே போவது?" என்று தாய்மார்கள் கேட்பீர்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்றொரு நாடு. அங்கும் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006ஆம் ஆண்டு ஹராரே நகரின் ஏழை மக்கள் பகுதியில் பதினான்கு பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்தார். மருத்துவ நிலையத்தின் வெளியே மரப்பலகை இட்டு அவர்களை அமர்த்தினார். கலங்கிய மனத்தோடு வருவோரிடம் பாட்டி கேட்பார். தொல்லைகளை ஒவ்வொன்றாக எண்ணவைப்பார். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, இந்த வாரம் செய்யக்கூடியது என்ன என்று வகுக்கச் செய்வார். அந்நோய்க்கு அம்மக்கள் மொழியில் வழங்கும் பெயரின் பொருள், மிகுதியாக நினைத்தல் என்பது. 573 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு, பலகையில் அமர்ந்து பேசியோரின் நோய்க்குறிகள் ஆறு மாதத்தில் பெரிதும் குறைந்திருந்ததைக் காட்டிற்று.

பாட்டிமார் நமக்கும் உண்டு, மரமும் உண்டு. ஆகவே இவ்விழாவில் என் வேண்டுகோள் ஒன்றே. நம் வாசக சாலையின் வேம்படியில் ஒரு பலகை இடுங்கள். ஆசிரியர் இருவர், அம்மையார் இருவர், முன்னாள் மாணவர் ஒருவர் என ஐவரைத் தேர்ந்தெடுங்கள். அவர்கட்கு மாவட்ட மனநலத் திட்டத்தாரிடம் கேட்டுப் பயிற்சி பெற்றுத் தர நான் முயல்வேன். வாரம் ஒரு மாலை நானே வந்து அமர்வேன். அங்குப் பேசியது அங்கேயே நிற்கும் என்ற ஒரு விதி போதும். தீராத துன்பம் உடையோரையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையோரையும் பலகையோடு நிறுத்தாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய கட்டணமில்லாத் தொலைபேசி உதவி 14416 என்னும் எண்ணில் உள்ளது, இரவிலும் அழைக்கலாம். மனநல மருத்துவம் பெறுவது குடிமக்களின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அது சலுகையன்று, கூச்சப்படாமல் கேளுங்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை, குடும்பத்தின் கடனையும் தெருவின் கனவையும் தலையில் வைத்துக்கொண்டு தேர்வுக்குச் செல்கிறது. திரும்பி வந்ததும் "எத்தனை மதிப்பெண் வரும்?" என்று கேட்குமுன், "சாப்பிட்டாயா, தூங்கினாயா, மனம் எப்படி இருக்கிறது?" என்று ஒருமுறை கேளுங்கள்.

என்னைத் தம் திண்ணையில் உட்காரவைத்த ஆசிரியர் இன்று நம்மிடையே இல்லை. அவர் எந்த மனநல நூலையும் படித்தவரல்லர், கேட்கத் தெரிந்தவர். அந்தத் திண்ணை எனக்குக் கிடைத்தது நற்பேறு. நமக்குப் பின்வரும் பிள்ளைகட்கு அது நற்பேறாக இருத்தல் போதாது. ஏற்பாடாக அமைய வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகட்கு எழுத்தைத் தந்த இச்சங்கம், இனிவரும் ஆண்டுகளில் அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவியாகவும் விளங்குக என்று வாழ்த்துகிறேன்.